எறியீட்டிப் பின்னல்

அலாஸ்காவின் அண்மைக்கால வரலாற்றை எழுதுபவர்கள் எல்லோரும் 1968ஆம் ஆண்டை எண்ணெயின் ஆண்டு என்றே குறிப்பிடுவார்கள். வடகோடியில், ப்ரூடோ விரிகுடாவின் உறைநிலத்துக்கு அடியில் பெரும் எண்ணெய்ப் படுகை இருப்பது உறுதியானது அவ்வாண்டில்தான். அதன்பின் அந்த மாநிலத்தில் நடந்த எதையும் எண்ணெயை விலக்கிவிட்டுப் பேச முடியாது. அதே ஆண்டு டிசம்பரில், எண்ணெய் வயலுக்கு வெகு தொலைவில், பெரிங் கடலில் உள்ள ஒரு தீவில் சில பெண்கள் ஒன்றாக அமர்ந்து ஊசிப்பின்னல் பயின்றார்கள். இது பெரும்பாலான வரலாற்று நூல்களில் இடம்பெறாத செய்தி. இடம்பெறாததில் வியப்பும் இல்லை. ஒரு பக்கம் கோடிக்கணக்கான பீப்பாய்கள், மறுபக்கம் சில அவுன்ஸ் நூல். ஆனாலும் ஒரு சிறு சமூகம் தன் கையில் வரும் பணத்தையும் தன் அடையாளத்தையும் ஒரே நூலில் கோத்துக்கொள்ள முடியுமா என்ற கேள்விக்கு அந்த இரண்டாவது நிகழ்ச்சியில்தான் ஏதோ விடை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

தீவின் பெயர் நுனிவாக். அமெரிக்காவின் பெரிய தீவுகளுள் ஒன்று. ஆனால் அதில் இன்று இருப்பது மெக்கோரியுக் என்னும் ஒரே ஊர், சுமார் இருநூறு பேர். 'எஸ்கிமோ' என்று வெளியுலகம் மொத்தமாகச் சொல்லிவந்த மக்களில் இவர்கள் ஒரு பிரிவினர். தங்களை நுனிவார்மியுட், அதாவது நுனிவாக்கின் மக்கள் என்று அழைத்துக்கொள்கிறார்கள். மொழி சூப்பிக். கரையோரம் ஆழமற்ற கடல் என்பதால் பெரிய கப்பல்கள் இங்கே எளிதில் வரவில்லை. அதனாலேயே மற்ற கரையோர ஊர்களைக் காட்டிலும் நெடுங்காலம் இத்தீவு தன்போக்கில் இருந்தது. புகைப்படக்காரர் எட்வர்ட் கர்ட்டிஸ் 1927இல் இங்கு வந்தபோது மதப்பிரசாரகர்கள் இன்னும் கால்பதிக்காத மக்களைக் கண்டதாக மகிழ்ந்தார். 1939-40இல் மார்கரெட் லாண்டிஸ் மானுடவியல் ஆய்வுக்காக வந்து தங்கியபோது தேவாலயம் வந்துவிட்டிருந்தது. முகமூடிச் சடங்குகள் பின்வாங்கிக்கொண்டிருந்தன. இவ்விரு வருகைகளுக்கும் இடையே பன்னிரண்டே ஆண்டுகள்.

அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் இன்னொரு விருந்தாளியும் தீவுக்கு வந்து சேர்ந்தது. அது கஸ்தூரி எருது. பெயரில் கஸ்தூரியும் எருதும் இருந்தாலும் இதற்குக் கஸ்தூரிச் சுரப்பி கிடையாது, எருதும் அன்று. ஆட்டினத்துக்கே நெருங்கிய உறவு. இனுபியாக் மொழியில் இதன் பெயர் ஊமிங்மாக், தாடிக்காரன் என்று பொருள். ஓநாய்கள் நெருங்கினால் மந்தை முழுவதும் கன்றுகளை நடுவில் விட்டு, கொம்புகளை வெளிப்புறமாக நீட்டி வட்டமாக நிற்கும், ஓடாது. ஓநாய்க்கு எதிராகப் பல்லாயிரம் ஆண்டுகள் பயன்பட்ட இந்த உத்தி துப்பாக்கிக்கு முன் செல்லவில்லை. நிற்கும் மந்தையைச் சுடுவதற்குத் திறமை ஏதும் வேண்டியதில்லை. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அலாஸ்காவில் கஸ்தூரி எருது ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அமெரிக்க அரசு 1930இல் கிழக்குக் கிரீன்லாந்தில் பிடிக்கப்பட்ட 34 விலங்குகளை விலைகொடுத்து வாங்கியது. அவை நார்வேக்கும் அங்கிருந்து நியூயார்க்குக்கும் கப்பலில் வந்து, இரயிலில் கண்டத்தைக் கடந்து, மீண்டும் கப்பலேறி, ஒருவழியாக அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரைச் சேர்ந்தன. (அந்தப் பயணத்தை யாராவது நாவலாக எழுதியிருக்க வேண்டும்.) 1935, 36ஆம் ஆண்டுகளில் அவற்றின் வழிவந்த 31 விலங்குகள் நுனிவாக்கில் கொண்டுவிடப்பட்டன. அங்கே ஓநாயும் கரடியும் இல்லை. 1929லேயே தீவு வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்டுமிருந்தது. 1968இல் மந்தை சுமார் 750 ஆகப் பெருகியிருந்தது. அதாவது மெக்கோரியுக்கின் மக்கள்தொகையைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். தீவின் மக்களுக்கு இவ்விலங்கு தொல்பழம் துணையன்று, அரசு கொண்டுவந்து இறக்கிய அந்நியன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் கதைக்கு இது தேவைப்படும்.

இந்த விலங்கை வீட்டு விலங்காக்கலாம் என்ற எண்ணம் வடதுருவப் பயணி ஸ்டெஃபான்ஸனுடையது. அவருடைய சீடரான ஜான் டீல் அதைத் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். 1954, 55ஆம் ஆண்டுகளில் வடகனடாவின் வெற்றுநிலத்திலிருந்து கன்றுகளைப் பிடித்துவந்து வெர்மாண்ட்டிலிருந்த தன் பண்ணையில் வளர்த்துப் பார்த்தார். பத்தாண்டுப் பழக்கத்துக்குப் பின், கெல்லாக் அறக்கட்டளையின் பொருளுதவியுடன், 1964இல் அலாஸ்கா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஃபேர்பேங்க்ஸ் அருகே பண்ணை தொடங்கினார். அதற்கான 33 கன்றுகளும் நுனிவாக்கிலிருந்தே வந்தன. டீலின் கனவு பெரிது. துருவக் கரையோர ஊர்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு மந்தை வைத்திருக்கும். ஆண்கள் மேய்ப்பார்கள், பெண்கள் அதன் உரோமத்தைப் பின்னுவார்கள். வேட்டைச் சமூகம் தன் நிலத்தைவிட்டு நகராமலே புதிய பொருளியலுக்குள் வரும். ஒரு மக்கள்கூட்டம் எப்படி வாழவேண்டும் என்று வெளியிலிருந்து ஒருவர் தீட்டிய திட்டம்தான் இதுவும். இத்தகைய நன்மனம் கொண்ட திட்டங்களின் வரலாற்றை அறிந்தவர்கள் இந்த இடத்தில் சற்றே நெளிவார்கள். நானும் நெளிந்தேன்.

திட்டத்தின் மையம் கிவியுட் எனப்படும் உள்ளுரோமம். கஸ்தூரி எருதின் மேல்மயிர் தரையைத் தொடுமளவு நீண்டு தொங்கும். அதற்கடியில் மெல்லிய பஞ்சுபோன்ற ஒரு போர்வை. வசந்தத்தில் இப்போர்வை தானே தோலிலிருந்து பிரிந்து மேல்மயிரின் ஊடே வெளிவரும். கத்தரிக்க வேண்டாம், சீப்பால் வாரியெடுத்தால் போதும். வளர்ந்த விலங்கொன்று ஆண்டுக்கு இரண்டு மூன்று கிலோ தரும். சாம்பல் கலந்த பழுப்பு நிறம். காஷ்மீர் பஷ்மினாவைத் தொட்டுப்பார்த்தவர்கள் அதே குடும்பத்து மென்மையை இதில் உணர்வார்கள். செம்மறிக் கம்பளியைப்போல் நீரில் சுருங்காது, உடலை அரிக்காது. செம்மறிக் கம்பளியைவிட எட்டு மடங்கு வெப்பம் தரும் என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. விற்பவர்களின் கணக்கு என்றபோதிலும் மிக இலேசான துணி மிகுந்த வெப்பம் தருகிறது என்பதில் ஐயமில்லை.

அரிய நூல் என்றால் சிக்கனமாகச் செலவிட வேண்டும். அதற்கு லேஸ் பின்னலே ஏற்றது. துளைகளும் இழைகளும் மாறிமாறி வரும் இப்பின்னலில் ஓரிரு அவுன்ஸ் நூல் ஒரு கழுத்துத்துணியாகவோ தலையையும் கழுத்தையும் மூடும் குழாய் வடிவத் துணியாகவோ விரிந்துவிடும். தோளுக்கான சால்வைக்கு இன்னும் சிறிது கூடுதல். தபாலில் அனுப்ப எடையும் குறைவு. சாலைகளே இல்லாத, வாரம் சில நாட்கள் சிறு விமானம் வந்துபோகும் ஊர்களுக்கு எடை என்பது சாதாரண விஷயமன்று. மரம் வளராத அந்நிலத்துக்கு விறகிலிருந்து எரிபொருள் வரை எல்லாமே வெளியிலிருந்து வரவேண்டும். பனிக்காலத்தில் வீட்டுக்குள் அமர்ந்து, ஒரு தபால் பையில் வந்த நூலை இன்னொரு தபால் பையில் துணியாக்கித் திருப்பியனுப்பும் தொழிலைவிட அந்தப் புவியியலுக்குப் பொருத்தமான வேறொன்றைக் கண்டுபிடிப்பது கடினம்.

ஆனால் லேஸ் பின்னல் அந்த மக்களின் மரபுக்கலையன்று. நுனிவாக்கின் பெண்கள் பறவைத்தோலைத் தைத்து மேலாடை செய்தவர்கள். கடல்நாயின் குடலைக் கிழித்து, நீர்புகாத மழையங்கி தைத்தவர்கள். புல்லைச் சுருட்டிக் கூடை முடைந்தவர்கள். விரல்களுக்கு நுணுக்கம் புதிதன்று; கருவியும் கணக்குமே புதிது. 1968 டிசம்பரில் மெக்கோரியுக்கில் நடந்த முதல் பயிலரங்கில் ஆன் லிலியன் ஷெல் என்ற பெண்மணி கற்பித்தார். ஒரெகான் மாநிலத்தில் வாழ்ந்த டோரதி ரீட் என்ற பின்னல் வல்லுநர் வகுத்த குறியீட்டு வரைபடங்கள் அங்கே பயன்பட்டன.

இந்த வரைபடத்தைச் சற்று விளக்க வேண்டும். ஐரோப்பிய, அமெரிக்கப் பின்னல் நூல்களில் அக்காலத்தில் செய்முறை பெரும்பாலும் வாக்கியமாகவே எழுதப்பட்டது: மூன்று கண்ணி நேராகப் பின்னு, நூலை முன்னே கொண்டுவா, இரண்டைச் சேர்த்துப் பின்னு என்று வரிவரியாக, குறுக்கெழுத்துகளாலான ஆங்கிலத்தில். மெக்கோரியுக்கின் மூத்த பெண்கள் பலருக்கு ஆங்கிலம் படிக்க வராது. டோரதி ரீட்டின் முறையில் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு கட்டம், ஒவ்வொரு செயலுக்கும் ஓர் அடையாளம். படத்தில் கோடு எங்கே சாய்கிறதோ துணியிலும் அங்கேயே சாயும். புள்ளி வைத்துக் கோலம் போடப் பழகியவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை. எழுத்தறியாத பாட்டியும் பள்ளிக்குச் சென்ற பேத்தியும் ஒரே தாளைப் பார்த்து ஒரே துணியைச் செய்யலாம். ஆங்கிலம் மட்டுமே அனுமதிக்கப்பட்ட அரசுப்பள்ளிகள் தலைமுறைகளுக்கிடையே ஒரு சுவரை எழுப்பிக்கொண்டிருந்த காலத்தில் இது சிறிய விஷயமாக எனக்குத் தெரியவில்லை.

எதைப் பின்னுவது? விற்பனைக்குத்தான் என்றால் ரோஜாவோ இலையோ போதும்; வாங்குபவர் நியூயார்க்கில் இருக்கிறார், அவருக்கு அது பிடிக்கவும் செய்யும். அவர்கள் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. 1200 ஆண்டுகள் பழமையானது என்று சொல்லப்படும் தந்தத்தாலான எறியீட்டி முனை ஒன்றின் வடிவம் மெக்கோரியுக்கின் பின்னலாயிற்று. கடல்நாயையும் வால்ரஸையும் வேட்டையாடப் பயன்படும் எறியீட்டி அது. கயிறு கட்டிய முனை உடலுக்குள் சென்றபின் கழன்றுகொள்ளும். லேஸ் பின்னலின் இயல்பை அறிந்தவர்கள் இந்தத் தேர்வின் பொருத்தத்தை உடனே காண்பார்கள். லேஸில் நூலை ஊசியின்மேல் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு துளையும் ஒரு புதுக் கண்ணியும் கிடைக்கும். அக்கம்பக்கத்தில் எங்கேனும் இரண்டு கண்ணிகளை ஒன்றாக்கினால்தான் எண்ணிக்கை சமன்படும். அப்படிச் சேர்க்கும் இடம் இடமாகவோ வலமாகவோ சாய்ந்து, வரிசைக்கு வரிசை நகர்ந்து, ஒரு சாய்கோடாக மேலேறும். லேஸுக்கு வட்டம் வராது, சாய்கோடும் கூர்முனையும் தாமாக வரும். தந்தத்தில் செதுக்கிய கூர்முனை வடிவம் நூலுக்கு மாறும்போது எதிர்ப்பே காட்டவில்லை.

மறு ஆண்டு, 1969இல், ஊமிங்மாக் கஸ்தூரி எருது உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. உரிமையாளர்கள் பின்னுபவர்களே. அடுத்தடுத்த ஆண்டுகளில் பயிலரங்குகள் வேறு ஊர்களுக்குப் பரவின. ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பின்னல் என்பது விதியாயிற்று. நெல்சன் தீவின் ஊர்களுக்கு, தோலாடைகளின் ஓரத்தில் கறுப்பும் வெளுப்புமாகத் தைக்கும் கரையிலிருந்து எடுத்த வைர வடிவம், ஷிஷ்மாரெஃபுக்கு விண்மீன், உனலக்லீட்டுக்கு வால்வரின் விலங்கின் முகமூடி. நூலைச் சங்கம் அனுப்பும், துணி திரும்பி வந்ததும் பின்னியவருக்குப் பணம் போய்ச்சேரும், ஆண்டு முடிவில் இலாபம் இருந்தால் பங்கு. ஊருக்குரிய பின்னலின் செய்முறை வெளியாருக்கு விற்கப்படுவதில்லை.

இங்கே ஒரு நுட்பமான விஷயம் இருக்கிறது. ஒரே வடிவத்தை ஆண்டுக்கணக்கில் பலர் திரும்பத்திரும்பச் செய்வது கலைக்கு எதிரானது, ஆலைத்தன்மை கொண்டது என்பது நம் இலக்கியச் சூழலில் கேள்வியின்றி ஏற்கப்பட்ட கருத்து. கலைஞன் தனித்தவன், ஒவ்வொரு படைப்பும் ஒருமுறை மட்டுமே நிகழ்வது என்றெல்லாம் நாம் எழுதிக் குவித்திருக்கிறோம். மெக்கோரியுக்கின் பெண்களுக்கோ ஒரே வடிவமாக இருப்பதே பாதுகாப்பு. வடிவம் மாறிக்கொண்டேயிருந்தால் எது எடுபடும், அடுத்த பருவத்துக்கு எது வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் வியாபாரியிடம் போய்விடும். பின்னுபவர் ஆணைக்குக் காத்திருக்கும் கூலியாளாகிவிடுவார். எறியீட்டிப் பின்னல் எப்போதும் எறியீட்டிப் பின்னலாகவே இருப்பதால், அதை விரும்புபவர் அந்த ஊரிலிருந்துதான் பெற வேண்டியிருக்கிறது. தவிரவும், ஒரே வரைபடத்திலிருந்து பிறந்தாலும் இரண்டு கைகள் ஒரே துணியைச் செய்வதில்லை. ஒருவர் நூலை இறுக்குவார், இன்னொருவர் தளர விடுவார். பழகிய கண்ணுக்கு வேறுபாடு தெரியும்.

வியாபாரியிடம் அதிகாரம் போனால் என்ன ஆகும் என்பதற்கு லேஸ் சால்வையின் சொந்த வரலாற்றிலேயே சான்று உண்டு. ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்து தீவுகளின் சால்வை, திருமண மோதிரத்தின் ஊடாக இழுத்துவிடும் அளவுக்கு மெல்லியது என்று 19ஆம் நூற்றாண்டில் பெரும்புகழ் பெற்றது. விக்டோரியா அரசிக்கு 1837இல் அத்தீவுகளின் நுண்பின்னல்கள் காணிக்கையாகச் சென்றன. 1851இன் லண்டன் பெருங்கண்காட்சியில் சால்வைகள் வைக்கப்பட்டன. பின்னிய பெண்களின் நிலையை அறிய 1872இல் லெர்விக் நகரில் அரசு விசாரணை ஆணையத்தின் முன் அளிக்கப்பட்ட சாட்சியங்களைப் படிக்க வேண்டும். சால்வைக்குப் பணம் கொடுக்கும் வழக்கம் அநேகமாக இல்லை. கடைக்காரர் தேயிலையோ துணியோ கொடுப்பார், அல்லது கடையிலேயே செல்லுபடியாகும் ஒரு துண்டுச்சீட்டு. மாவு வேண்டுமென்றால் அந்தத் தேயிலையை எடுத்துக்கொண்டு அண்டை வீடுகளுக்குச் சென்று மாற்றிக்கொள்ள வேண்டும். வாடகையைத் தேயிலையில் கட்ட முடியாது. உலகின் ஆக மெல்லிய சால்வையைப் பின்னியவள் கையில் ஒரு ஷில்லிங் காசு இல்லாமல் இருந்தாள் என்பதுதான் அந்த அறிக்கையின் சாரம். பொருளுக்குப் பொருள் கொடுக்கும் இம்முறைக்கு எதிரான சட்டம் வலுவடைய 1887 வரை ஆயிற்று.

ஒரு நூற்றாண்டு கழித்து பெரிங் கடலோரத்தில் ரொக்கம் ஏன் அவ்வளவு முக்கியமாயிற்று என்பதும் எளிதில் விளங்கக்கூடியதே. அம்மக்களின் உணவு இன்றும் பெருமளவு கடலிலிருந்தும் நிலத்திலிருந்தும் வருவது: கடல்நாய், சால்மன் மீன், கலைமான், கோடையில் பறிக்கும் பெர்ரிகள். ஆனால் 1960களில் நாய்வண்டியின் இடத்தைப் பனிமோட்டார் வண்டி பிடித்தது. நாய்க்கு மீன் போதும், மோட்டாருக்கு எரிபொருள் வேண்டும். படகுக்கு எந்திரம், துப்பாக்கிக்குத் தோட்டா என எல்லாம் காசு. பழைய வாழ்க்கையைத் தொடர்வதற்கே புதிய பணம் தேவை என்ற வினோதமான நிலை. வேலை தேடி நகரத்துக்குச் சென்றால் வேட்டைப் பருவம் தவறும், ஊர் காலியாகும். பின்னல் இந்த முடிச்சை முழுதாக அவிழ்க்கவில்லை. அது தந்தது துணை வருமானம்தான், யாரும் அதனால் செல்வந்தராகவில்லை. ஆனால் மீன்பிடிக்கும் பருவம் வந்தால் ஊசியைக் கீழே வைக்கலாம், மீண்டும் குளிரில் எடுக்கலாம். கேட்க மேலாளர் இல்லை.

1971இல் அமெரிக்க நாடாளுமன்றம் அலாஸ்காவின் தொல்குடிகளுக்கான நில உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. எண்ணெய்க்குழாய் போடுவதற்கு நிலம் யாருடையது என்று முடிவாக வேண்டியிருந்த அவசரமே அச்சட்டத்தை விரைவுபடுத்தியது. 4.4 கோடி ஏக்கர் நிலமும் 96.25 கோடி டாலரும் தரப்பட்டன. மாற்றாக மற்ற நிலத்தின் மீதான கோரிக்கைகள் அனைத்தும் முடித்துவைக்கப்பட்டன. நிலமும் பணமும் குலங்களிடமோ ஊர்ச்சபைகளிடமோ அன்றி, புதிதாகத் தோற்றுவிக்கப்பட்ட வணிக நிறுவனங்களிடம் சென்றன, மக்கள் பங்குதாரர்களாயினர். அந்த ஏற்பாட்டின் நன்மை தீமைகளை அவர்களே இன்றும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்திலேயே, சட்டமும் எண்ணெயும் இன்றி, பெண்கள் தாங்களே உறுப்பினராகவும் உரிமையாளராகவும் இருந்த இன்னொரு நிறுவனம் அதற்கு இரண்டாண்டுகள் முன்பே தொடங்கியிருந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

டீலின் பெருங்கனவு நிறைவேறவில்லை. ஊருக்கு ஒரு மந்தை என்பது நடக்கவேயில்லை. பண்ணை 1970களின் நடுவில் ஃபேர்பேங்க்ஸிலிருந்து கடலோர உனலக்லீட்டுக்குச் சென்றது. டீல் 1982இல் காலமானார். மந்தை மீண்டும் தெற்கே கொண்டுவரப்பட்டு 1986இல் பால்மர் என்ற ஊருக்கருகே நிலைகொண்டது. அந்தப் பண்ணை நிலத்துக்கும் ஒரு கதை உண்டு. பெருமந்தத்தின்போது, 1935இல், மத்திய மேற்கு மாநிலங்களிலிருந்து இருநூறு குடும்பங்களை அரசு கொண்டுவந்து குடியமர்த்திய வேளாண் குடியேற்றத்தின் பகுதி அது. வேட்டைக்காரர்கள் மேய்ப்பர்களாகவில்லை, திட்டத்தில் துணைத்தொழிலாக எழுதப்பட்டிருந்த பின்னல் மட்டும் தங்கிவிட்டது. எந்தப் பகுதி அவர்கள் கைக்கு ஏற்றது, எது ஏற்றதன்று என்று அந்த மக்களே பிரித்துக்கொண்டார்கள் என்று இதைப் படிக்கலாம். அப்படித்தான் நான் படிக்கிறேன்.

இது உண்மையான மரபா என்று கேட்பவர்கள் உண்டு. விலங்கு கிரீன்லாந்திலிருந்து வந்தது, கலை ஐரோப்பாவுடையது, வரைபடமுறை ஒரெகானில் பிறந்தது, நூலை நூற்பது தொலைதூர ஆலை. தீவுக்குரியது தந்தத்தில் செதுக்கிய அந்த முனை மட்டுமே, அதையும் வேட்டைக்காகச் செய்தவர்கள் ஆண்கள். இந்தப் பட்டியல் முழுதும் சரி. ஆனால் ஷெட்லாந்தின் லேஸும் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் சந்தைக்காகவே வளர்ந்தது; இன்று அதை அத்தீவின் ஆதிக்கலை என்று எல்லோரும் ஐயமின்றிச் சொல்கிறோம். மெக்கோரியுக்கில் முதல் பயிலரங்கில் அமர்ந்தவர்களின் பேத்திகளுக்கு எறியீட்டிப் பின்னல் பாட்டியிடமிருந்து வந்தது. அவர்களிடம் போய் அதன் வயதைக் கணக்கிட்டுக் காட்டுவதில் என்ன பயன் என்று எனக்குத் தெரியவில்லை.

ஒவ்வொரு வசந்தத்திலும் பால்மரின் பண்ணையில் விலங்குகளை ஒவ்வொன்றாக நிறுத்தி உரோமத்தை வாருகிறார்கள். ஆலைக்குச் சென்று நூலாகித் திரும்பும் உரோமம், ஆங்கரேஜ் நகரிலிருந்து தபால் விமானத்தில் கடலோர ஊர்களுக்குப் போகிறது. அதே நாட்களில் நுனிவாக்கின் காட்டு மந்தை, யாரும் வாராத தன் உரோமத்தைக் குட்டையான புதர்களில் உரசி உதிர்த்தபடி மேய்ந்துகொண்டிருக்கும். காற்றில் அது கொத்துக்கொத்தாகப் பறக்கும்.